இடது கால் விடுதலை இயக்கம்

மனித இனம் இரண்டு கால்களில் எழுந்து நின்ற நாளிலிருந்து இடது காலுக்காகவே உழைத்தவர் என்று ஒரே ஒருவரைத்தான் சொல்ல முடியும். அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்பதும், ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் செயல்முறை மேம்பாட்டுப் பிரிவின் துணை மேலாளராக இருக்கிறார் என்பதும் நாம் செய்த பாக்கியம். ஆபீசில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மேம்பாடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள். அவரே அதைக் கேட்டு மகிழ்ந்து, தன் அறைக் கதவில் எழுதி ஒட்டிக்கொண்ட பிறகு எல்லோருக்கும் வசதியாகப் போய்விட்டது.

லீவு கேட்க ஒரே ஒரு கையெழுத்து போதும் என்றிருந்த காட்டுமிராண்டிக் காலத்தை ஒழித்து, ஏழு கையெழுத்து முறையைக் கொண்டுவந்தவர் அவர்தான். தண்ணீர்ப் பானை இருந்த மூலையை ‘நீர்ச்சேவை மையம்’ ஆக்கி டம்ளருக்கு டோக்கன் கொடுத்தவரும் அவரே. அதன் பிறகு ஆபீசில் தாகம் வெகுவாகக் குறைந்துவிட்டது. புள்ளிவிவரம் இருக்கிறது.

இப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே ஒரு முழங்கால் பழுதானால் சும்மா இருப்பாரா?

முழங்கால் அவர் மனைவியுடையது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். துடைத்துவிட்டுப் போன ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, தன் முட்டியைத் தானே படம் எடுத்துப் பார்க்கும்படி ஆயிற்று. ஆபரேஷன் நடந்தது. “நடங்க, வேலைக்குப் போங்க, ஆனா கிளட்சை மட்டும் மிதிச்சிடாதீங்க” என்றார் டாக்டர். அந்த வீட்டில் காரை அதுவரை ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். இப்போது மேம்பாடு ஓட்டினார். சிக்னலுக்குச் சிக்னல் இன்ஜினை அணைத்து, பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹார்ன்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதித்துக்கொண்டே அவளைக் கொண்டுபோய் விட்டார். தினமும் தாமதம்.

ஆஸ்பத்திரியில் தலைமை டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்: “திங்கட்கிழமையிலேர்ந்து உங்களுக்கு விடியற்காலை ஷிஃப்ட். அன்னிக்கு நேரத்துக்கு வரலன்னா எக்ஸ்ரே ரூமை வேற ஆளுக்குக் குடுத்துட்டு, உங்களை ரெக்கார்டு ரூம்ல போட்டுடுவேன்.” எக்ஸ்ரே ரூம் அவள் கட்டி ஆண்ட சாம்ராஜ்யம். ரெக்கார்டு ரூமில் எலும்பு கிடையாது, எலிதான் உண்டு. அந்த நேரத்துக்கு பஸ்ஸும் ஓடாது, கணவரும் ஓடமாட்டார். அவர் எழுந்திருப்பதே ஊர் எழுந்து அலுத்த பிறகுதான்.

“பேசாம இதை வித்துட்டு, பழசா ஒரு ஆட்டோமேட்டிக் பார்த்து வாங்கிடலாங்க. வலது கால் நல்லாத்தானே இருக்கு, நானே ஓட்டிப்பேன்” என்றாள்.

“வாங்கறது யார் வேணும்னாலும் செய்யற காரியம். மாத்தறதுதான் மேம்பாடு.”

“எனக்கு மேம்பாடு வேண்டாம். வேலைக்குப் போனா போதும்.”

“பயனாளிங்க எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க” என்று அவர் கனிவோடு சிரித்தார்.

அதே மாடல் காரின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மனைவியின் தம்பி கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். மெக்கானிக் மாட்டித் தர ஒப்புக்கொண்டார். கிளட்ச் பெடலைக் கழற்றப் போகும் நேரத்தில் மேம்பாடு, “நிறுத்துங்க!” என்று ஒரு சத்தம் போட்டார். ஸ்பேனர் கீழே விழுந்தது. கூட வந்திருந்த மனைவியின் பக்கம் திரும்பினார்.

“முன்-நிலைத் தரவு எடுக்கணும். நீ உட்கார்ந்து ஒரு இருபது தடவை கிளட்சை மிதி.”

“டாக்டர் மிதிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க.”

“அதனாலதான் மிதிக்கச் சொல்றேன். மிதிக்கறது எவ்வளவு கஷ்டம்னு பதிவு பண்ணாம, கஷ்டம் தீர்ந்துடுச்சுன்னு நாளைக்கு எப்படி நிரூபிக்கறது?”

மறுத்தால் வேலை இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும் என்று அவளுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். அவள் பல் தெரிந்ததால் ‘முகபாவம்: திருப்தி’ என்று அவர் குறித்துக்கொண்டார்.

கியர் பாக்ஸ் மாட்டியாயிற்று. ஆனால் எப்போது எந்த கியர் போடுவது என்று அதற்குத் தானாகத் தெரியாது. அதற்கு மூளையாக, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கன்ட்ரோலர் வந்திருந்தது. பெட்டியின் பின்னாலிருந்து கலர் கலராக ஒயர்கள் தொங்கின.

“இதையும் நானே மாட்டிக் குடுத்துடறேன் சார். ஒரு நாள் வேலை” என்றார் மெக்கானிக்.

“உடம்பு உங்க வேலை. மூளை எங்க வேலை” என்று மேம்பாடு பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, காரையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, வீட்டு ஹாலில் ‘ஒயர் ஒருங்கிணைப்புக் குழு’ கூடியது. தலைவர் மேம்பாடு. செயலாளர் மச்சினன். தலைவர் வரவேற்புரை ஆற்றி, செயலாளரை எழுந்து நின்று நன்றி சொல்ல வைத்தார்.

“நான் யாருங்க இதுல?” என்று மனைவி கேட்டாள்.

“நீதான் பயனாளி.”

“பயனாளி பேசலாமா?”

“தாராளமா பேசலாம். பதிவாகாது.”

“திங்கட்கிழமை காலையில வண்டி ஓடணும். அவ்வளவுதான் எனக்கு.”

“பதிவாகலை” என்றான் மச்சினன், கடமை தவறாமல்.

பிறகு குழு வாசலுக்கு நகர்ந்தது. மச்சினன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, கால்களை சீட்டின் மேல் போட்டுப் படுத்துக்கொண்டான். தலைவர் டிரைவர் சீட்டில் அமர்ந்து, விளக்கப் புத்தகத்தை மடியில் விரித்தார். பயனாளி டார்ச் பிடித்தாள். காரின் கதவோரம் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நின்றுகொண்டிருந்தவளிடம், “டார்ச்சை ஆட்டாதே, முடிவெடுக்கற நேரம்” என்றார் தலைவர்.

சிவப்பு ஒயர் பேட்டரிக்குப் போயிற்று. கறுப்பு, காரின் உடம்புக்கு. மஞ்சள், பிரேக்குக்கு. எல்லாவற்றுக்கும் “ஒப்புதல்!” என்று தலைவர் முழங்க, “முடிஞ்சாச்சு!” என்று அடியிலிருந்து குரல் வந்தது. கடைசியாக மிஞ்சியது பச்சை ஒயர். ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறோம் என்று கன்ட்ரோலருக்குக் கோள் சொல்லும் ஒயர் அது. அழுத்தம் தெரிந்தால்தான் அது கியரை முடிவு செய்யும்: கூடினால் கீழ் கியர், குறைந்தால் மேல் கியர். பானெட்டைத் திறந்து இன்ஜின் பக்கம் மாட்டவும் என்று புத்தகம் சொன்னது. மேம்பாடு அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“உள்ளேயே கிடைக்கும். ஒவ்வொரு ஒயரா மீட்டரை வச்சுப் பாரு மாப்ளே. நான் மிதிக்க மிதிக்க எதுல வோல்டேஜ் ஏறுதோ, அதுதான்.”

வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தலைவர் மிதித்தார். ஒன்றும் ஏறவில்லை. மறுபடி மிதித்தார். வேர்த்தது. வலது காலால் மிதித்துக்கொண்டே, இடது கையால் புத்தகத்தை விசிறிக்கொண்டே, மூன்றாவது கை இல்லாத குறையால் புத்தகத்தைப் போட்டுவிட்டு, ஏசியின் குமிழைக் குளிர் பக்கமாக ஒரு திருப்புத் திருப்பினார்.

“ஏறுது மாமா! ஏறுது ஏறுது!”

“இன்னும் மிதிக்கட்டுமா?” வேர்வை அடங்கவில்லை. இன்னொரு திருப்பு.

“ஐயோ, உச்சத்துக்குப் போயிடுச்சு மாமா! இதேதான்!”

மச்சினன் ஒயரைப் பிடித்துக்கொண்டான். பிடித்தவனுக்குச் சின்னதாக ஒரு சந்தேகம். “எதுக்கும் இன்னொரு தடவை மிதிச்சுக் காட்டுங்க மாமா. உறுதி பண்ணிக்கலாம்.”

“எங்க டிபார்ட்மென்ட்ல ஜெயிச்ச சோதனையை ரெண்டாவது தடவை பண்ணவே மாட்டோம். தோத்துடுச்சுன்னா? ஒப்புதல்!”

பச்சை ஒயர் ஏசி ஒயரோடு கைகோத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். தலைவர் ஓட்டினார், மச்சினன் பக்கத்தில், பயனாளி பின் சீட்டில். தெருவில் கார் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. கிளட்ச் இல்லை, இன்ஜின் அணையவில்லை. மேம்பாட்டுக்குத் தலைகால் புரியவில்லை. எதிரே வந்த பால்காரருக்கெல்லாம் கையசைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் மேட்டுச் சாலையில் வண்டியைத் திருப்பினார். ஏசி குளிர் தாங்காமல் மச்சினன் குமிழைச் சூடு பக்கம் திருப்பினான். கார் உடனே மேல் கியருக்குத் தாவி, மூச்சு வாங்கி, முனக ஆரம்பித்தது. சைக்கிளில் வந்த ஒருவர் அவர்களைத் தாண்டிப் போகும்போது உள்ளே அனுதாபத்தோடு எட்டிப் பார்த்தார்.

“இது சிக்கன நிலை. பெட்ரோல் மிச்சம்” என்றார் மேம்பாடு. சொன்னவருக்கு வேர்த்தது. குமிழைக் குளிர் பக்கம் திருப்பினார். கார் ‘ஆ’வென்று அலறி, கீழ் கியரைப் போட்டுக்கொண்டு மேட்டில் பாய்ந்தது. “இது வீர நிலை!” என்று அவர் கத்தினார்.

பின் சீட்டில் இருந்தவள் இதையெல்லாம் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னங்க, ஏசியைத் திருப்பினா கியர் மாறுது.”

“ரெண்டும் ஒரே நேரத்துல நடக்குது. அவ்வளவுதான்.”

அவள் முன்னால் சாய்ந்து கையை நீட்டிக் குமிழைத் திருப்பினாள். கார் முனகியது. திரும்பத் திருப்பினாள். அலறியது. முனகல், அலறல், முனகல், அலறல். மச்சினனுக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“மாமா, பச்சை ஒயரை ஏசில கொண்டுபோய் முடிஞ்சிட்டோம். இன்ஜின் பக்கம் மாத்திடலாம், சுலபமான வேலை.”

மேம்பாடு வண்டியை ஓரம் கட்டினார். முகம் செத்துப்போயிருந்தது. பிறகு அந்த முகத்தில் மெல்ல மெல்ல ஒரு பிரகாசம் வந்ததைப் பார்த்து மனைவிக்குத்தான் பகீரென்றது.

“மாத்தவே கூடாது! தட்பவெப்பத்தோட ஒருங்கிணைஞ்ச கியர், உலகத்துல வேற எந்த காருக்கு இருக்கு?”

அந்த இடத்திலேயே எம்.டி.க்கு போன் போட்டார். எம்.டி. புல்லரித்துப் போய், புதன்கிழமைக் கூட்டத்தில் அதை எல்லோருக்கும் விளக்கச் சொல்லிவிட்டார். அதுவரை ஒயரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அந்த ஒரு மனம் தலைவருடையது.

“அப்ப நாளைக்கு நான் எப்படிப் போறது?”

“ஸ்வெட்டர் போட்டுக்கோ.”

திங்கட்கிழமை விடிவதற்குள், மேம்பாடு குறட்டையில் இருந்தபோது, அவள் ஸ்வெட்டரும் மப்ளருமாகக் கிளம்பினாள். மேட்டில் பனிக்கட்டிக் குளிர், சமதரையில் அடுப்புச் சூடு. ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை குமிழில். நடுங்கினாள், வேர்த்தாள், மறுபடி நடுங்கினாள். ஆனால் யாரும் கொண்டுவந்து விடாமல், ஷிஃப்ட் தொடங்கும் முன்னால் போய் இறங்கினாள். எக்ஸ்ரே ரூம் தப்பியது.

“ஏம்மா இப்படி நடுங்கறீங்க?” என்றார் தலைமை டாக்டர்.

“ஆட்டோமேட்டிக் வண்டி சார்” என்றாள்.

அன்று மாலையே மச்சினன் பானெட்டைத் திறந்து, பச்சை ஒயரை அது போக வேண்டிய இடத்துக்கு அனுப்பிவைத்தான். தலைவருக்குச் சொல்லவில்லை. தலைவர் அதன் பிறகும் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, “பார்த்தியா, நாளாக நாளாக எவ்வளவு நைசா மாறுது!” என்று வியந்துகொண்டிருந்தார்.

புதன்கிழமை, கம்பெனி அரங்கில் உட்கார இடமில்லை. வராதவர்களுக்கு லீவு வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். மேம்பாடு திரையில் படம் போட்டுக் காட்டினார். அவர் மனைவியின் இடது முழங்கால் சுவர் உயரத்துக்கு நின்றது. ‘துன்ப அளவு’ என்ற சிவப்புக் கோடு மலையிலிருந்து உருண்டு விழுந்து பூஜ்யத்தில் படுத்திருந்தது. “ஒரு காலுக்காக ஒரு மனிதன் இவ்வளவு செய்ய முடியுமா?” என்று எம்.டி. தழுதழுத்தார். கேடயம் கொடுத்தார். பொன்னாடை மேம்பாட்டின் தோளில் ஏறியது.

“இப்ப பயனாளி ரெண்டு வார்த்தை பேசுவாங்க” என்று அறிவிப்பு வந்தது.

ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருந்தவள், மேடையின் படிகளில் ஒவ்வொன்றாகக் காலை வைத்து ஏறினாள். ‘சீக்கிரம்’ என்று மேம்பாடு மேலிருந்து சைகை காட்டினார். அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு திரையில் தெரிந்த தன் காலை ஒரு முறை பார்த்தாள்.

“என் காலுக்காக இவர் கூட்டம் போட்டார். குழு போட்டார். ஒயர் போட்டார். இவ்வளவு பெரிசா படமும் போட்டார். எந்தப் புருஷனும் பண்ணாததுதான், நான் இல்லேங்கலை” என்றாள். முன்வரிசை தலையாட்டியது. “ஆனா நான் விழுந்த நாள்லேர்ந்து இன்னிக்கு வரைக்கும், ‘வலிக்குதா’ன்னு ஒரு வார்த்தை என்னைக் கேட்கலை.”

மைக்கை வைத்துவிட்டுத் திரும்பினாள். அரங்கம் அப்படியே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. மேம்பாடு மட்டும் எழுந்து நின்று கைதட்டினார். பேச்சு முடிந்தால் கைதட்ட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. மேடையின் படியில் கைப்பிடி இல்லை. அவள் முதல் படியில் இடது காலை வைக்கத் தயங்கி, பிடித்துக்கொள்ள எதையோ தேடினாள். ஒரே ஒரு கை போதுமாக இருந்தது. அவருடைய இரண்டு கைகளுமே தட்டுவதில் மும்முரமாக இருந்தன.