தகப்பனார் நேரில் வரவேண்டும்

"மூணு விசேஷம் இருக்குப்பா," என்று பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையை விரித்து வைத்துக்கொண்டு சொன்னாள் சிவகாமசுந்தரி. "வர்ற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அதுக்கு அடுத்த சனிக்கிழமை விளையாட்டுப் போட்டி. மாசக் கடைசியில மெர்டேக்கா விழா, நம்ம சுதந்திர நாள். எல்லாத்துக்கும் குடும்பத்தோட வரணும்."

"அம்மாவைக் கூட்டிட்டுப் போ."

"அம்மா மட்டும் போனா ஆகாது. தகப்பனார் நேர்ல வந்து பரீட்சைப் பாரத்துல கையெழுத்துப் போடணுமாம். இல்லாட்டி என் பேரு போகாதாம்."

அப்பா கலியாணசுந்தரம் சுற்றறிக்கையைத் தள்ளி வைத்தார். தமிழ்நாட்டில் பிறந்திருந்தால் குலதெய்வத்தைக் கூப்பிட்டிருப்பார். மலாய் நாட்டுக் காஜா பேராங்கில் வாழ்கிறவர் என்பதால் தெருக்கோடிப் பிள்ளையாரைக் கூப்பிட்டார்.

மனுஷர் நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர். கேட்டுக்குள்ளே நாய் குரைத்தால் வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்து, தெரிந்ததை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். பயம் அவருக்குப் புதிதில்லை. ஆனால் இந்தப் பயத்துக்கு நியாயமான காரணம் இருந்தது.

சிவகாமி ஜப்பான்காரன் காலத்தில் செங் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். உயிரோடு இருந்தால் போதும் என்றிருந்த அந்த நாளில் பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கலியாணசுந்தரத்துக்குத் தோன்றவில்லை. இடைநிலைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, பிறப்புப் பத்திரம் எங்கே என்று கேட்டார்கள். அப்போது கைகொடுத்தவர் மனைவி பாக்கியலட்சுமியின் அண்ணன் அப்பாசாமி. குருபோங்கில் லாரி ஓட்டுகிறவர். அவருக்கும் அதே வயசில் ஒரு மகள். இரண்டு வீட்டிலும் ஒரே பாட்டியின் பேரைத்தான் வைத்திருந்தார்கள். அந்தச் சிவகாமசுந்தரி பள்ளிக்கூடத்தைப் பார்த்தாலே வேலி தாண்டி ஓடுகிறவள். அவளுடைய பத்திரம் பெட்டியில் சும்மா கிடந்தது.

அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பேர் சரி, வயசும் சரி. தாயின் பேரை யாரும் கவனிக்கவில்லை. தகப்பன் பேர்தான் அப்பாசாமி.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. பிள்ளையை அழைத்துவரத் தினமும் பாக்கியம் போனாள். 'சிவகாமி அம்மா' என்று பள்ளிக்கூடமே அவளை அறியும். அப்பாவைத்தான் யாரும் பார்த்ததில்லை.

"அப்பா சிங்கப்பூருக்கு வேலையா போயிருக்காருன்னு சொல்லிடு," என்றார் கலியாணசுந்தரம்.

சொன்னாள். மறுநாளே பள்ளிக்கூடத்துப் பியூன் நடராஜன் சைக்கிளில் வந்து இறங்கினான். பக்கத்துக் கம்போங் கிராமத்தைச் சேர்ந்தவன்; பல தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து தமிழை மறந்துவிட்ட செட்டி சமூகத்துக்காரன். பேர் நடராஜன் என்றாலும் வாயைத் திறந்தால் மலாய்தான்.

"பாப்பா மெஸ்தி டாத்தாங்," என்றான். அப்பா வந்தே ஆகவேண்டுமாம். பாக்கியத்தின் கையில் ஒரு கடிதமும் கொடுத்தான். சிங்கப்பூர் முதலாளியின் விலாசத்தைக் கொடுத்தால், தலைமையாசிரியர் தம்பிராஜாவே எழுதி லீவு வாங்கித் தருவாராம்.

இல்லாத முதலாளிக்கு எங்கே போய் விலாசம் தேடுவது? அன்று மாலையே கலியாணசுந்தரம் பஸ் ஏறிக் குருபோங்குக்குப் போனார்.

"ஒரு கையெழுத்துதானே மாப்பிள்ளை," என்றார் அப்பாசாமி. "பத்திரத்துல இருக்கறது என் பேரு. நான் போடறதுல பொய் எங்க இருக்கு?"

"நான் போட்டா கள்ளக் கையெழுத்து. நீங்க பேசாம போட்டுட்டு வந்துடணும் மச்சான். வாயைத் திறக்கக்கூடாது."

"நான் எங்க லா பேசறேன்?"

வெள்ளிக்கிழமை அப்பாசாமி கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில் வந்தார். பாக்கியமும் அவரும் வகுப்பறைக்குள் போய் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சொந்த மகளுக்குத் தகப்பனாக இருக்க முடியாத கலியாணசுந்தரம், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

தம்பிராஜா யாழ்ப்பாணத்துக்காரர். இந்தப் பள்ளிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பள்ளிக்கூடம் கொடுத்த குவாட்டர்ஸ் வீட்டில் வீட்டம்மாவோடு குடியிருக்கிறார். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. உயரமான ஆள், வெள்ளைக் காற்சட்டை, வாத்தியார்களே எழுந்து நிற்கும் குரல்.

"பிள்ளையளுக்கு முதல்ல படிப்பிக்க வேண்டியது உண்மை," என்று தொடங்கினார். "பெற்றோர் பொய் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? முந்தி நான் இருந்த ஊரில ஒருத்தர் கள்ளப் பத்திரம் குடுத்துப் பிள்ளையைச் சேர்த்தவர். பொலிசுக்குச் சொல்லிப்போட்டன். பிள்ளையின்ட பேரையும் வெட்டிப்போட்டன்."

ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் மணி தானாக அடித்தது. கலியாணசுந்தரம் அதைக் கையால் பொத்திக்கொண்டார்.

அப்பாசாமி கையெழுத்துப் போட்டார். அதோடு எழுந்து வந்திருக்கலாம். அடுத்த வாரம் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து ஓடும் மூன்றுகால் ஓட்டத்துக்கு யார் வருகிறீர்கள் என்று தம்பிராஜா கேட்டார். அறையில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது.

"எதுக்கு மச்சான் கையைத் தூக்குனீங்க?" என்று வெளியே வந்ததும் அழாத குறையாகக் கேட்டார் கலியாணசுந்தரம்.

"அவரு என்னையே மொறைச்சுப் பாத்தாரு லா. பயத்துல தானா தூக்கிடுச்சு."

விளையாட்டுப் போட்டியன்று கலியாணசுந்தரம் வேலிக்கு வெளியே ஐஸ் விற்கிறவன் பக்கத்தில் நின்றார். தன் மகளின் காலையும் இன்னொருத்தர் காலையும் சேர்த்துத் துணியால் கட்டுவதைப் பார்த்தபோது அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். ஓட்டத்தில் ஜெயிக்கிறாரோ இல்லையோ, அந்தக் கால் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று இருந்தது. பிறப்பைப் பதியப் போகாத அந்தச் சோம்பேறித்தனத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

அப்பாசாமி லாரி ஓட்டுகிற வேகத்திலேயே ஓடினார். பாதிவழியில், "மாமா, மெதுவா, விழுந்துடுவேன்," என்று கத்தினாள் சிவகாமி.

முதல் பரிசு அவர்களுக்குத்தான். பரிசைக் கொடுத்துக்கொண்டே தமிழ் வாத்தியார் மாணிக்கவாசகம், "பிள்ளை மாமான்னு கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?" என்றார்.

"வீட்டுல செல்லமா அப்படித்தான் கூப்பிடும்," என்றார் அப்பாசாமி.

அப்பாவைச் செல்லமாக மாமா என்று கூப்பிடும் குடும்பத்தை மாணிக்கவாசகம் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய சேதி ஒன்று கையில் இருந்தது.

"மெர்டேக்கா விழாவுல மூணு இனத்துலேர்ந்தும் மூணு ஜோடிப் பெற்றோரை மேடையில கௌரவிக்கிறோம். மலாய்க்காரங்க ஜோடிக்குப் பன்னீர் தெளிக்கிறாங்க. சீனங்க ஜோடி ஒருத்தருக்கொருத்தர் தேத்தண்ணி குடுக்கிறாங்க. நம்ம பக்கத்துக்கு மாலை மாத்தறது. தலைமையாசிரியரும் அவர் வீட்டம்மாவும் மாத்திக்கட்டும்னுதான் நாங்க சொன்னோம். ஐயா பெருந்தன்மையா, 'வேண்டாம், பெற்றோருக்குத்தான் மரியாதை, இந்தச் சிவகாமியின் தாய் தகப்பனையே போடுங்கோ'ன்னுட்டாரு. குடுத்து வச்சவங்க நீங்க."

பக்கத்தில் நின்ற பாக்கியலட்சுமி அண்ணனைவிட்டு இரண்டடி தள்ளிப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கூடப்பொறந்த அண்ணன் கழுத்துல நான் மாலை போடறதா? செத்தாலும் மாட்டேன். நீங்க ஜெயிலுக்குப் போங்க. நான் கஞ்சி கொண்டாந்து குடுக்கறேன்."

"சிவகாமி பேரை வெட்டிடுவாங்க பாக்கியம். கணக்குல வகுப்புலேயே முதல் ஆளு அது."

"அதுக்காக?"

அப்பாசாமி மூலையில் உட்கார்ந்து, "நானும் மாட்டேன் லா. எங்க வீட்டுக்காரி கேள்விப்பட்டா லாரியைக் கொளுத்திடுவா," என்று முணுமுணுத்தார்.

கடைசியில் ஒரு யோசனை கிடைத்தது. விழாவுக்கு முந்தின நாள் பாக்கியத்துக்குக் கடும் காய்ச்சல் என்று சிவகாமி சொல்லிவிட வேண்டும். படுத்துக்கிடக்கிறவளை யார் மேடைக்கு இழுக்க முடியும்?

இழுக்க வரவில்லை. பார்க்க வந்துவிட்டார்கள். மாலை நாலு மணிக்கு ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியவள், தம்பிராஜாவின் வீட்டம்மா சாரதாம்பாள். கையில் ஒரு தூக்குப் பாத்திரம் நிறையக் கொத்தமல்லிக் கஷாயம்.

கைலியும் பனியனுமாகக் கதவைத் திறந்த கலியாணசுந்தரம் அப்படியே நின்றார்.

"நீங்கள் ஆர்?"

"நான்… பாக்கியத்தோட அண்ணன்மா."

வாய்க்கு வந்ததைச் சொன்னார். சொன்ன பிறகுதான், உள்ளே வந்துவிட்ட சாரதாம்பாளின் தலைக்கு மேலே சுவரில் தன் கல்யாணப் போட்டோ தொங்குவதைக் கவனித்தார். அதில் அவரும் பாக்கியமும் கழுத்துக் கொள்ளாத மாலையோடு முழித்துக்கொண்டிருந்தார்கள். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தூசி தட்டுகிற மாதிரி போட்டோமேல் போட்டார். துண்டு நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

சாரதாம்பாள் திரும்பி அந்தப் போட்டோவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். உள்ளே போய்ப் பாக்கியத்தின் நெற்றியைத் தொட்டாள்.

"காய்ச்சல் இல்லை," என்றாள் மெதுவாக. "எப்பிடியாவது நாளைக்கு வாங்கோ. நீங்கள் வராட்டில் அவருக்கு வேற வழியில்லை."

அவள் போனதும் கலியாணசுந்தரத்துக்கு வியர்த்துக் கொட்டியது. "கேட்டியா? வேற வழியில்லையாம். வராட்டிப் போலீசுதான்னு அர்த்தம். போட்டோவைப் பார்த்துட்டாங்க. எல்லாம் போச்சு."

அன்று வீட்டில் மூன்று பேரும் சரியாகச் சாப்பிடவில்லை. கொத்தமல்லிக் கஷாயத்தைக் கலியாணசுந்தரம்தான் குடித்தார்.

மறுநாள் பள்ளித் திடலில் பந்தல் போட்டு, புதுக் கொடிகளைத் தோரணமாகக் கட்டியிருந்தார்கள். ஊரே திரண்டிருந்தது. மேடையில் ஒரு பக்கம் தம்பிராஜாவும் சாரதாம்பாளும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பிராஜா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடியே இருந்தார். கலியாணசுந்தரம் மூன்றாவது வரிசையில், சிவகாமியின் மாமா என்ற பதவியில் உட்கார்ந்திருந்தார்.

மலாய்த் தம்பதிக்குப் பன்னீர் தெளித்தார்கள். சீனத் தம்பதி தேத்தண்ணீர் கொடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கை தட்டியது.

"அடுத்ததாக, நமது சிவகாமசுந்தரியின் பெற்றோர்," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார் மாணிக்கவாசகம்.

அப்பாசாமியும் பாக்கியமும் தூக்குமேடைக்குப் போகிறவர்களைப் போல ஏறினார்கள். இரண்டு பேர் கையிலும் ஆளுயர ரோஜா மாலை. பாக்கியம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் உதடு துடிப்பது மூன்றாவது வரிசைக்கே தெரிந்தது. கலியாணசுந்தரம் அவளைப் பார்த்தார். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தனக்கு மாலை போட்டவள். ஜெயில், போலீஸ், நாய் எல்லாம் அந்த நிமிஷம் அவருக்கு மறந்துபோயின.

"நிறுத்துங்க," என்று எழுந்து நின்றார். அவருடைய குரல் அவருக்கே யாரோ கத்துகிற மாதிரி கேட்டது.

அவர் விறுவிறுவென்று மேடையேறினார்.

"இவ என் பொஞ்சாதி. இவரு அவளோட கூடப்பொறந்த அண்ணன். சிவகாமி என் மக. ஜப்பான் காலத்துல பதியாம விட்டுட்டேன். மச்சான் மகளோட பத்திரத்தைக் குடுத்துத்தான் பள்ளியில சேர்த்தேன். தப்பு என்னோடது. என்னைப் புடிச்சுக் குடுங்கய்யா. புள்ளயோட பேரை மட்டும் வெட்டிடாதீங்க."

அப்பாசாமி மாலையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாக்கியம் ஓடிவந்து புருஷனின் பின்னால் நின்றுகொண்டாள். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து சிவகாமி, "அப்பா," என்று கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கலியாணசுந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாரும் தம்பிராஜாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. பேச வாயைத் திறந்தார். கோபத்தில் மனுஷருக்கு நாக்கே எழவில்லை என்று நினைத்துக் கலியாணசுந்தரம் தன் இரண்டு கையையும் விலங்குக்கு வசதியாக நீட்டிக்கொண்டு நின்றார்.

விழாவைக் காப்பாற்ற வேண்டிய கவலை மாணிக்கவாசகத்துக்கு. கீழே கிடந்த மாலையை எடுத்து, தூசியைத் தட்டினார். பாக்கியத்தின் கையிலிருந்ததையும் வாங்கினார்.

"பரவால்லைங்கய்யா, இதைப் பிறகு விசாரிச்சுக்கலாம். சனங்க காத்திருக்காங்க. நாங்க முதல்லயே சொன்ன மாதிரி நீங்களும் அம்மாவுமே மாத்திக்கிங்க," என்று ஒரு மாலையைத் தம்பிராஜாவின் கையில் திணித்தார்.

கூட்டம் கை தட்டத் தொடங்கியது. தம்பிராஜா மாலையைப் பிடித்தபடி அப்படியே நின்றார். சாரதாம்பாள் எழுந்து அவர் அருகே வந்தாள். கலியாணசுந்தரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒலிபெருக்கி பக்கத்தில் இருப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னாள்:

"அண்ணா, மாலையைக் கீழ வையுங்கோ. கலியாணமான ஆளுக்குத்தான் குவாட்டர்ஸ் குடுப்பினம் எண்டால், நாங்கள் வேற வீடு பாப்பம்."