கல்வட்டத்தில் கை கொடுத்த மாடு

எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் உச்சந்தலையைப் பார்த்துப் பேசுகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எனக்கே சம்பந்தியாக வந்து வாய்த்தார்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி 'சுழிக்காரர் வீடு' என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். மாட்டுத் தரகர். மாட்டின் உடம்பில் முடி எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்து, அது குடும்பத்தை வாழவைக்குமா கவிழ்க்குமா என்று சொல்லிவிடுவார். நாளடைவில் மாடு, மனிதன் என்ற பேதமே அவருக்கு இல்லாமல் போய்விட்டது.

என் மகளைப் பெண் பார்க்கக் கோயமுத்தூர் வந்தபோது ஜாதகத்தைத் தொடக்கூட இல்லை. காபி கொடுக்கக் குனிந்த பெண்ணின் உச்சியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அடுத்து என்னிடம் வந்தார். எனக்கு அப்போதே முழு வழுக்கை. முன்னும் பின்னுமாகப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சுழியே அழிஞ்சு போச்சுங்களே!" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். கல்யாணம் நடந்துவிட்டது. ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

கல்யாணமானதும் பிள்ளைகள் வேலைக்காக அயர்லாந்துக்குப் போனார்கள். போன கோடையில் எங்களைக் கூப்பிட்டார்கள். என் மனைவியும் சம்பந்தியம்மாவும் முழங்கால் வலி என்று ஊரிலேயே நின்றுகொள்ள, நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். எனக்குப் பழங்காலத்துக் கற்கள் என்றால் உயிர். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் என் மகளே கார் ஓட்டி, கல்லறை மேடு, கல்தூண், இடிந்த மடம் என்று ஒன்று விடாமல் காட்டினாள். சம்பந்தி கோட்டு போட மறுத்து, சென்னிமலைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தார்.

சூரியன் வருஷத்தில் சில நாள் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும்படி கட்டிய ஆதிகாலத்துக் கல்லறை ஒன்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சம்பந்தி குனிந்து உள்ளே போய் வந்து, "வாசல் வெச்ச ஆளு கெட்டிக்காரனுங்க. ஆனா மாடு கட்ட எடம் உடலீங்களே" என்றார். ஒற்றைக் கல்தூண் முன்னால் வழிகாட்டிப் பெண் அது என்னவாக இருக்கும் என்று உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தாள். இவர் என் காதில், "மாடு ஒடம்பு தேச்சுக்க நட்டதுங்க இது. நம்ம காட்டுலயும் ஒண்ணு நட்டிருக்கறேன்" என்றார். ஊர் திரும்பும் நாளை நான் எண்ண ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

விமானத்துக்கு முந்தின நாள் கடைசியாக ஒரு கல்வட்டம் பார்க்கப் போனோம். அது ஒரு விவசாயியின் மேய்ச்சல் நிலத்துக்குள் இருந்தது. நான் கல் கல்லாகத் தடவிக்கொண்டிருந்தேன். திடீரென்று மகள் அலறினாள்.

"அப்பா! மாமா என்ன பண்றாருன்னு பாருங்க!"

வட்டத்துக்கு நடுவில் சம்பந்தியும் அந்த வெள்ளைக்கார விவசாயியும் நின்றிருந்தார்கள். இருவர் கையும் சென்னிமலைப் போர்வைக்குள் இருந்தது. பக்கத்தில் ஒரு செவலைக் கிடாரி, இன்னும் கன்று ஈனாத இளம் பசு. எங்கள் பக்கத்துச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் மாட்டுக்கு விலை பேசுவார்கள். ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அந்த விவசாயி கையை வெளியே எடுத்து, உள்ளங்கையில் எச்சில் துப்பி, சம்பந்தியின் கையில் ஓங்கி அறைந்தார்.

"முடிஞ்சுதுங்க சம்பந்தி!" என்றார் இவர். "அவிய ஊர்லயும் நம்மளாட்டத்தானுங்க. போர்வையை அச்சாரமாக் குடுத்துப்போட்டேன்."

விவசாயி போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

காரில் நான் வெடித்தேன். "நாளைக்கு ஃப்ளைட்டுங்க! மாட்டை மடியில வெச்சுட்டா போறது?"

"கை குடுத்த மாட்டுக்கு ஒரு வழி பண்ணாம நான் ஏறமாட்டனுங்க. எனக்கா வாங்குனேன்? நம்ம மருமக அம்மணிக்கு வாங்குனேன். ஊட்டுல ஒரு மாடு இல்லீங்க, கன்னு இல்லீங்க. எதை நம்பிப் புள்ளைகளை இங்க உட்டுட்டுப் போறதுங்க?"

பிள்ளைகள் இருப்பது அடுக்குமாடியில் மூன்றாவது மாடி வீடு. சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. நான் கல் கல்லாகத் தேடி அலைந்ததே அந்தக் கேள்வியிடமிருந்து தப்பிக்கத்தான்.

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்பதற்காக அந்தப் பண்ணைக்குப் போனோம். மகள் சங்கடத்தில் திக்கித் திணறி ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். விவசாயியின் முகம் வாடிவிட்டது. அவருடைய அப்பா காலத்தில் சந்தையில் கையில் அறைந்துதான் வியாபாரமாம். அறைந்த பிறகு மாற்றிப் பேசும் வழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாதாம். விமானம் எங்களை விட்டுவிட்டுப் பறப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

சம்பந்தி மட்டும் பதறவில்லை. "கண்ணு, மாட்டைப் பங்கு வாரத்துக்கு உட்டறேன்னு சொல்லு. அவரே வெச்சு வளர்த்தட்டும். பாலு அவருக்கு. தலைக்கன்னு உனக்கு. மாசம் ஒருக்கா வந்து பாத்துக்கறேன்னு சொல்லு."

மகள் சொன்னாள். விவசாயி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, மீண்டும் கையில் துப்பினார். இந்தத் தடவை அறைந்தது என் மகளின் கையில். அவளும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டாள். தான் தனியாள் என்றும், வருகிறபோது சாப்பிடாமல் வரவேண்டும் என்றும் அவர் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

விமான நிலையத்தில் மகளிடம் சொல்லிக்கொண்டு உள்ளே போனோம். உட்கார இடம் கிடைத்ததும் என்னை அறியாமல் தலையைக் குனிந்துகொண்டு அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்து ஒரு கை வந்து என் வழுக்கையில் பதிந்தது.

"இருக்குதுங்க சம்பந்தி, சுழி இருக்குது. ராஜசுழி. அன்னைக்கே பாத்துட்டனுங்க. பொண்ணைப் பெத்தவரு, சும்மா சீண்டிப் பாக்கலாம்னுதான் அப்படிச் சொன்னது."

வழுக்கைத் தலையில் சுழி தெரியாது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் கையை எடுக்கிற வரைக்கும் நான் தலையை நிமிர்த்தவில்லை.