மூன்றாவது கிளையில் ஒரு முடிச்சு

இந்த வருடம் என் மனைவியைத் தீவுக்கு வர விடுவதில்லை என்று முடிவு செய்தேன். வெள்ளம் வருவதற்கு முன்பே எடுத்த முடிவு. அங்கோலா மலைகளில் ஜனவரியில் மழை பெய்யும். அந்தத் தண்ணீர் எங்கள் ஊருக்கு நடந்து வர ஜூன் ஆகிவிடும். யோசிக்க எனக்கு அவ்வளவு நேரம் இருந்தது. அவளுக்கும் அவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் எனக்குத் தோன்றவில்லை.

ஒகவாங்கோ சதுப்பில் தோணி தள்ளுவது என் தொழில். வெளிநாட்டு விருந்தாளிகளை மொகோரோ என்னும் ஒடுங்கிய தோணியில் உட்காரவைத்து, நின்றபடி நீண்ட கழியால் தள்ளிக்கொண்டு போவேன். தீவில் கூடாரம் போட்டு மூன்று நாள் தங்குவோம். இருபத்திரண்டு வருடங்களாக முன்தோணி என்னுடையது. வீட்டில் நான் பின்கதவைச் சரிசெய்யாத மனிதன். தாழ்ப்பாள் உடைந்து இரண்டு வருடமாகிறது. கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். தீவில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து கால்சட்டையைச் சுருட்டி, கெண்டைக்காலில் இருக்கும் தழும்பைக் காட்டுவேன். நீர்யானை கடித்த கதையைச் சொல்வேன். விருந்தாளிகள் தேநீர் குடிக்க மறந்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் வருடம் முழுவதும் உயிரோடு இருக்கிறேன்.

நீர்யானை என்னைக் கடித்ததே இல்லை. தோணிக்காரர்களில் இது இரண்டு பேருக்குத்தான் தெரியும். இன்னொருவர் என் மனைவி.

போன வருடம் அவள் தோணி தள்ளும் தேர்வு எழுதினாள். எழுதினாள் என்றால், எதிர்காற்றில் தள்ளிக் காட்டினாள். தேறிவிட்டாள். இந்த வருடம் தோணிக்காரர் சங்கம் போட்ட பட்டியலில் என் குழுவுக்கு நேராக அவள் பெயர்.

"பட்டியல்ல யாரோ தப்பா எழுதிட்டாங்க," என்றேன்.

"தப்பில்ல ரா-திரோ. நான்தான் பக்கத்துல நின்னு எழுத வச்சேன்."

மூத்தவள் திரோ பிறந்த அன்றே எங்கள் சொந்தப் பெயர்கள் போய்விட்டன. நான் ரா-திரோ, திரோவின் அப்பா; அவள் மா-திரோ, திரோவின் அம்மா.

"பின்தோணி பாரமா இருக்கும் மா-திரோ. பானை, மாவு மூட்டை, எண்ணெய், அதுக்கு மேல ரெண்டு விருந்தாளி."

"வீட்ல எல்லாரையும் நான்தான சொமக்கிறேன். இதுல ரெண்டு பேருதான்."

"வழியில நீர்யானை இருக்கு."

"எது? உங்க கால்ல கடிச்சதா?"

நான் கயிற்றை அவிழ்த்துப் பின்கதவு வழியாக வெளியே போனேன். கயிறு அவிழக் கொஞ்ச நேரம் ஆனதால், போன விதத்தில் கம்பீரம் இல்லை.

எங்கள் தண்ணீரில் ஒரு வழக்கம் உண்டு. நீர்யானைகள் நடந்து நடந்து வழியை மாற்றிக்கொண்டே இருக்கும். போன மாதம் திறந்திருந்த வாய்க்கால் இந்த மாதம் கோரை அடைத்துக் கிடக்கும். அதனால் முன்தோணிக்காரன் முந்தின நாளே தனியாகப் போவான். வழி பிரியும் இடங்களில், போகவேண்டிய பக்கத்துக் கோரையில் இரண்டு தலைகளைச் சேர்த்து முடிச்சுப் போடுவான். பின்னால் வருகிறவன் யோசிக்க வேண்டியதில்லை. முடிச்சைப் பார்த்தால் கழி தானாகத் திரும்பும். பொய் முடிச்சு யாரும் போட்டதில்லை. அப்படி ஒன்று போட முடியும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை.

எனக்குத் தோன்றியது.

மூன்றாவது கிளையில் வலப்பக்கம் போனால் அரை மணியில் தீவு. இடப்பக்க வழி அல்லிக்குளத்தைச் சுற்றிக்கொண்டு தீவின் முதுகுக்குப் போய்ச் சேரும். இரண்டு மணி நேரம் கூடுதல். நான் இடப்பக்கம் முடிச்சுப் போட்டேன். நானும், எனக்கு அடுத்து வரும் பக்கத்து வீட்டு பாஷியும் ஒட்டியே போய் வலப்பக்கம் திரும்பிவிடுவோம். பாரத்தோடு பின்தங்கி வருகிறவள் முடிச்சை நம்பி இடப்பக்கம் போவாள். சாயங்காலம் பானையோடு வந்து சேருவாள். பசித்த விருந்தாளிகள் முகம் சுளிப்பார்கள். சங்கத்தில் பேச்சு வரும். அவள் கூடை முடையத் திரும்பிவிடுவாள். தழும்பு தப்பும்.

கிளம்பும்போது பாஷியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"என்னை ஒட்டியே வா. வேடிக்கை காட்டிக்கிட்டு நிக்காத."

"ஏன் ரா-திரோ, பயமா? வீட்டுக்காரம்மா பின்னால வராங்கன்னா?"

"வாய மூடிட்டு தள்ளு."

"நானும் கல்யாணம் ஆனவன்தான். நமக்கு எதுக்கு வெக்கம்?"

என் தோணியில் ஒரு வயதான தம்பதி. கணவர் ஏறியதுமே மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். அந்த அம்மாள் சிவப்புக் கைக்குட்டையைத் தலையில் கட்டி, கையைத் தண்ணீரில் விட்டபடி வந்தார்.

முதல் கிளையில் முடிச்சு. திரும்பினேன். இரண்டாவது கிளையில் முடிச்சு. திரும்பினேன்.

ஜூன் மாதத் தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கண்ணாடியாக இருக்கும். கீழே மணல் தெரியும், புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பது தெரியும். மீனின் நிழல் தெரியும், மீன் தெரியாது. கழி மணலில் இறங்கும், ஏறும், இறங்கும். கோரைத் தலைகள் இரண்டு பக்கமும் வந்து முகத்தைத் தடவிவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் தள்ளுகிறோமா, நம்மை யாராவது தள்ளுகிறார்களா என்பது தெரியாமல் போய்விடும். அன்று சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லப்போகும் கதை எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நீர்யானைக்கு இந்த வருடம் இன்னும் இரண்டு பல் சேர்த்தேன்.

கோரை விலகியது. வானம் அகலமானது. எங்கும் அல்லி.

"இவ்வளவு அழகான இடம்னு யாரும் சொல்லலையே," என்றார் அந்த அம்மாள், கோயிலுக்குள் பேசுவது போல.

எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான் இடப்பக்கம் திரும்பியிருந்தேன். முடிச்சைப் பார்த்தால் கழி தானாகத் திரும்பும் என்று சொன்னேன் அல்லவா. அதைப் போட்டது யார் என்று கழிக்குத் தெரியாது.

திரும்பிப் பார்த்தேன். பாஷி இல்லை. வந்த வழியின் வாயில் நான்கு நீர்யானைகள் எழும்பி, காதை உதறி, தண்ணீரைத் தூவின. இனி அந்தப் பக்கம் போக முடியாது. சுற்றித்தான் போகவேண்டும்.

அப்புறம் ஆத்திரப்பட என்ன இருக்கிறது? மெதுவாகத் தள்ளினேன். அல்லி இலைகளின் மேல் இலைக்கோழி ஒன்று குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நடந்தது. லெச்வே மான்கள் ஆழமில்லாத நீரில் குதித்து ஓட, ஒவ்வொரு குதிப்பிலும் ஒரு சின்ன வானவில் தோன்றி அணைந்தது. தூரத்தில் ஒரு யானை இடுப்பளவு தண்ணீரில் நின்று எதையோ நினைத்துக்கொண்டிருந்தது. இந்தக் குளத்துக்கு நான் வந்து பல வருடங்கள் ஆகின்றன.

கடைசியாகச் சரியாகப் பார்த்தபோது இங்கே பெண்கள் வரிசையாக நின்று கூடை வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் மூன்றாவதாக நின்றவள் ஏதோ சொன்னாள், மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் தோணியில் நின்று அவளையே பார்த்தேன். தோணி போய்விட்டது, நான் போகவில்லை. அவளுடைய கூடையின் மேலேயே விழுந்தேன். கூடையின் முளைக்குச்சி கெண்டைக்காலைக் கிழித்தது. அவள் என் காதைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையில் போட்டாள். "மீன் எல்லாம் போச்சு," என்றாள். என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

தழும்பின் கதை அவ்வளவே. தூங்கிக்கொண்டிருந்த கணவர் விழித்து, "வந்துட்டமா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல," என்றார் அந்த அம்மாள். "அவசரப்படுத்தாதீங்க."

தீவின் முதுகில் இறங்கி, சாயும் வெயிலில் நடந்து போனோம். கூடாரங்கள் நின்றிருந்தன. சோளக்களி வெந்த மணம், எண்ணெயில் பொரிந்த மக்வின்யா மாவுருண்டைகளின் மணம். விருந்தாளிகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பாஷி விறகு உடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டான்.

என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்து வந்து எனக்குத் தேநீர் ஊற்றினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"பாஷியத் தாண்டி வந்தேன். நீங்க இடப்பக்கம் திரும்புறதப் பார்த்தேன். கழுத்த ஆட்டிக்கிட்டே போனீங்க. எழுப்ப மனசு வரல."

"அந்த முடிச்சு யாரோ..."

"நம்ம பின்கதவுல இருக்கிற முடிச்சு அது. தினமும் அவுக்கிறவளுக்குத் தெரியாதா? நான் மீன் பிடிச்ச குளம் அந்தப் பக்கம்தான். பிரிச்சு, பாஷிக்காக வலப்பக்கம் கட்டிட்டு வந்தேன்."

தேநீர் சூடாக இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொல்லிட்டியா?" என்றேன். "கால் விஷயத்த?"

"கேட்டாங்க. சொல்லாம இருக்க முடியுமா?"

அவள் போய் மறுபடி என் நாற்காலியில் உட்கார்ந்தாள். எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அவற்றில் கேலி இல்லை. பரிவு இருந்தது. அது இன்னும் மோசம்.

ஓர் இளம்பெண் மெல்லக் கேட்டாள்: "அந்த நீர்யானைய உங்க மனைவி வெறும் மீன்கூடையால அடிச்சு விரட்டினாங்களாமே?"

நான் மா-திரோவைப் பார்த்தேன். அவள் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னால், நீர்யானையே இல்லை என்று சொல்ல வேண்டும்.

"ஆமா," என்றேன்.

"உங்க காதைப் பிடிச்சுத்தான் தண்ணியிலேர்ந்து இழுத்தாங்களா?"

"ஆமா."

"காலைக் காட்டுங்க ரா-திரோ," என்றாள் என் மனைவி.

கால்சட்டையைச் சுருட்டினேன். விருந்தாளிகள் தேநீர் குடிக்க மறந்து, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.