ஏழாம் இலக்க மெத்தை

என் வாயைப் பற்றி எனக்கே நல்ல அபிப்பிராயம் கிடையாது. மூளை சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, அது வீதி முனைக்குப் போய்விடும். அப்படி அது போய், நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் மோர்னிங்சைட் பகுதியில், ஒரு தேவாலய மண்டபத்தில் என்னை நடுச்சபையில் நிறுத்திய கதை இது.

அப்போது நான் கலாநிதிப் பட்ட மாணவி. ஆராய்ச்சி, தூசு உண்ணி பற்றியது. மெத்தையில் நாம் உதிர்க்கும் தோலைத் தின்று வாழும், கண்ணுக்குத் தெரியாத எட்டுக்கால் சீவன். அதன் மூதாதையர் பிற உயிர்களில் ஒட்டிப் பிழைத்த ஒட்டுண்ணிகள், பிறகு அதை விட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டன என்பது எங்கள் துறையில் பலரின் எண்ணம். அந்த மாற்றத்தின் தடயத்தை மரபணுக்களில் தேடுவது என் வேலை. (இருபத்தேழு வயதில் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டுதான் இதை ஆராய்ந்தேன். அதை நீங்கள் கவனிக்காமல் விட்டால் நல்லது.)

உண்ணி வேண்டுமென்றால் வீட்டுத் தூசு வேண்டும். பூசைக்கு வரும் அன்ரிமார் இருபது பேரை அம்மா பிடித்துத் தந்தார். ஆளுக்கொரு சிறு பை. தூசு உறிஞ்சும் வாக்குவம் குழாயில் மாட்டி, மெத்தையில் இரண்டு நிமிடம் இழுக்க வேண்டும். யாரும் வெட்கப்படக்கூடாதென்று பையில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும். கொடுத்ததும் அம்மா, திருப்பி வாங்கியதும் அம்மா.

"ரெண்டு கிழமைக்கு மெத்தையைத் தொடாதேங்கோ" என்று எல்லோரிடமும் கெஞ்சினேன்.

உங்கள் வீட்டுத் தூசை நாலு பேர் பார்க்கப் போகிறார்கள் என்றால் யாழ்ப்பாணத்துப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று யோசிக்காத மடைச்சி நான். பத்தொன்பது பைகள் பளிச்சென்று வந்தன. ஒன்றில் சவர்க்காரம் மணத்தது. பேராசிரியர் பார்த்துவிட்டு, உண்ணி கிடைக்காவிட்டால் வேறு தலைப்புக்கு மாறு என்றார். மூன்று வருட உழைப்பு. கழிவறைக்குள் போய் அழுதேன்.

மிஞ்சியது ஏழாம் இலக்கம். நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் உள்ளே திருவிழாக் கூட்டம். என் படிப்பைக் காப்பாற்ற அந்த ஒரு பை போதும். சந்தோஷத்தில் ஆய்வுகூடக் கதிரையோடு மூன்று தரம் சுற்றினேன்.

முடிவு சொல்லும் நாள், ஞாயிறு பூசைக்குப் பிறகு. ரோல்ஸ், தேத்தண்ணீர், நூறு பேர். உண்ணியின் தனிக்குடித்தனக் கதையைச் சொல்லி, நன்றி கூறி இறங்கியிருக்கலாம். வாய் விடவில்லை.

"ஏழாம் நம்பர் வீட்டுக்குத்தான் பெரிய நன்றி. உப்பிடியொரு மெத்தையை நான் கண்டதேயில்லை. ஒரு சிட்டிகைத் தூசில நூற்றுக்கணக்கில உண்ணி. எத்தினை வருசமா வளர்த்தவையோ தெரியேல்லை."

அன்ரிமார் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள்.

"ஆரப்பா அந்த ஏழு?" என்றார் முன்வரிசை மேரி அன்ரி.

பின்வரிசையில் அம்மா எழுந்தார். "நான்தான்."

கதவுக் கைப்பிடியைக்கூட வாரம் இரண்டுமுறை துடைக்கிறவர் அவர்.

"ஒராள் பையை வெறுமையாவே திருப்பித் தந்திட்டா. நீங்களெல்லாரும் மெத்தையைக் கழுவினதும் எனக்குத் தெரியும், நானும் கழுவினனான். பிள்ளையின்ர படிப்பு பாழாப் போகப்போகுதெண்டு, வீட்டில கழுவாமல் கிடந்த ஒரே மெத்தையில எடுத்துக் குடுத்தனான்." என்னை நேராகப் பார்த்தார். "அது உவளின்ர மெத்தை. என்ர அறைக்குள்ள வராதேங்கோ எண்டு மூண்டு வருசமாக் கத்துறாள்."

மேரி அன்ரிக்குத் தேத்தண்ணீர் மூக்கால் வந்தது. அம்மாவைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல், மேசைக்கடியில் ஒளியவும் வேண்டும்போல் இருந்தது எனக்கு.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அன்ரி கேட்டார்: "பிள்ளை, உண்ணியே தனிக்குடித்தனம் போயிட்டுதெண்டீர். நீர் எப்ப?"

போய்விட்டேன். பட்டமும் கிடைத்தது. இப்போது அதே நகரில் ரூஜ் என்ற பகுதியில் கணவரோடு குடியிருக்கிறேன். அம்மா வந்தால் தேத்தண்ணீருக்கு முன்பே மாடியேறி, கட்டில் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பார். அந்த உண்ணியின் முழு மரபணுத் தொகுதியும் உலகத்து ஆராய்ச்சியாளர் எவரும் எடுத்துப் பார்க்கும்படி இணையத்தில் கிடக்கிறது. அடையாளப் பெயர்: வீடு 7, மெத்தை.

புதிதாக யார் வந்தாலும் அம்மா கலியாண அல்பத்தை எடுப்பதில்லை.

"மகளின்ர மெத்தை இன்ரநெற்றில இருக்கு" என்பார். "டவுன்லோட் பண்ணிப் பாருங்கோ."