டிப்போ வைத்தியம்

மங்கை சாவியைத் திருப்பிப் பார்த்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் திருப்பினாள். மின்சார ஸ்கூட்டரில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

"இன்னாங்க, வண்டி செத்துப்போச்சு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

உள்ளே நாற்காலியில் இருந்த தங்கராசு அசையவில்லை. பஸ் டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் அந்த நாற்காலியை விட்டு எழுவது சாப்பாட்டுக்கு மட்டும்தான். அதுவும் பாதியில் கை கழுவிவிடுவார். ஒரு காலத்தில் அவர் கை வைத்தால் செத்த பஸ்ஸும் இருமிக்கொண்டு எழும் என்று செஞ்சி முழுக்கப் பேர். இப்போது தாடி வளர்த்துக்கொண்டு, ரோட்டில் போகும் பஸ் சத்தத்தைக் கேட்பது ஒன்றே வேலை.

"இது திருவண்ணாமல வண்டி. செல்ப் மோட்டார் போவப்போவுது" என்பார் சுவரைப் பார்த்து. "யாருகிட்ட சொல்றது?"

மங்கை சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சாப்பிட வைக்கிறவளுக்கு வீட்டில் ஒரு மனுஷனைச் சாப்பிட வைக்க முடியவில்லை. இப்படியே விட்டால் ஆளே இல்லாமல் போய்விடுவாரோ என்று அவளுக்கு உள்ளுக்குள் பயம்.

"மெக்கானிக் கன்னியப்பன் கடைக்குத் தள்ளிக்கினு போ" என்றார் தங்கராசு.

"அவன் ஆரணிக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கான். இப்போதைக்கு வரமாட்டான். நான் ஷோபனா டீச்சர் வண்டியில போய்க்கறேன். உங்களால ஆவாதுன்னா வுடுங்க, கெடக்கட்டும்."

"ஆவாதா?" தங்கராசு திரும்பிப் பார்த்தார். "பஸ்ஸயே ஓட வச்சவன் நானு. இது தகர டப்பா."

நாற்காலி காலியானது.

சாயங்காலம் மங்கை வந்தபோது வண்டியின் சீட்டு வாசலில் கிடந்தது. கால் வைக்கும் பலகை முருங்கை மரத்தில் சாய்ந்திருந்தது. தங்கராசு ஒரு குண்டான் கொதிக்கும் தண்ணீரோடு நின்றிருந்தார்.

"இன்னாங்க இது, குளிக்கப்போறீங்களா?"

"பேட்டரி முனையில உப்பு பூத்திருந்தா வெந்நி ஊத்தணும். டிப்போல அதான் மொத வைத்தியம்."

"இது பஸ் இல்லீங்களே."

"பேட்டரின்னா பேட்டரிதான். அதுல இருந்தா இன்னா, இதுல இருந்தா இன்னா?"

ஊற்றினார். உப்பு ஒன்றும் இல்லை. தண்ணீர்தான் ஒயர்கள் வழியாக இறங்கி, கன்ட்ரோலர் பெட்டிக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றலாம் என்று பேட்டரிக்கு மூடியைத் தேடினார். மேலே, கீழே, பக்கவாட்டில், எங்கும் இல்லை.

"மூடி இல்லாத பேட்டரிய எவன் கண்டுபுடிச்சான்? மனுஷன் எப்படி இதுக்கு வைத்தியம் பாக்கறது?"

அதற்காக விட்டுவிடுகிற ஆளா? மறுநாள் பேட்டரிகள் அத்தனையும் மொட்டைமாடியில், வேர்க்கடலைக்குப் பக்கத்தில் வெயில் காய்ந்தன. கன்ட்ரோலரும் காய்ந்தது. ஒயர்களெல்லாம் கொடியில் தொங்கின.

"எல்லாத்தயும் கழட்டணுமாங்க?" என்றாள் மங்கை. "ஏதாவது ஒரு ஒயரு லூசா இருந்தாலும் இருக்கும்."

"நீ சோத்த வடி. இது என் டிபார்ட்மென்ட்."

ஆனால் அன்றைக்குத் தாடி இல்லை. எப்போது எடுத்தார் என்று அவளுக்கே தெரியாது. டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய காக்கிச் சட்டை வெளியே வந்திருந்தது. ராத்திரி ரசம் சோறு முடிந்ததும் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். மங்கை போட்டாள். கண்ணைத் துடைக்க அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டியபோது வண்டிக்குப் புது வியாதி வந்திருந்தது. ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. சாவியை எடுத்தும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு சுந்தராம்பாள் ஓடிவந்தாள். "அண்ணே, எங்க எரும மெரண்டு கயித்த அறுத்துக்கினு ஓடுது. அத நிறுத்துங்கண்ணே."

"கரண்ட் வந்துருச்சும்மா, பாத்தியா?" என்றார் தங்கராசு பெருமையாக. அதே மூச்சில் ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொன்றோடு சேர்த்தார். டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. ஹாரன் நின்றது. நிரந்தரமாகவே நின்றது.

வேறு யாராக இருந்தாலும் வண்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருப்பார்கள். தங்கராசு அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மங்கையின் பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு துணி முடிச்சுப் போட்டார். எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது என்று விரலாலேயே தடவித் தடவிப் போனார். அந்தப் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எருமையைப் பிடித்துக் கட்டிவிட்டு வந்த சுந்தராம்பாள்கூட அங்கேயே நின்று பார்த்தாள்.

"மங்கை, இங்க பாரு. இந்த ஒயரு தானா உருவிக்கினு இருக்குது. மொதல்ல வண்டி நின்னதுக்கு இதான் காரணம். மத்ததெல்லாம் நான் உண்டாக்குனது."

"அப்படிங்களா? எனக்கு இன்னா தெரியும்" என்றாள் மங்கை.

ஹாரன் மட்டும் எரிந்துபோய்விட்டது. அதற்கும் டிரங்குப் பெட்டி இருந்தது. உள்ளே, இனி ஓடாது என்று கண்டம் செய்த பஸ்ஸிலிருந்து டிப்போக்காரர்கள் பிரிவு உபசாரத்தன்று கழற்றிக் கொடுத்த ஹாரன். ரெண்டு பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து அதை மாட்டினார். நாலு ஸ்குரூ மிஞ்சியது. அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாவியைத் திருப்பினார். விளக்கு எரிந்தது. சக்கரம் சுற்றியது. தங்கராசு சிரித்தார். மங்கை அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அவரே பின்னால் ஏறிக்கொண்டார், வெள்ளோட்டம் பார்க்க. சிங்கவரம் நிறுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மங்கை ஹாரனை அழுத்தினாள். நிறுத்தத்தில் இருந்தவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையைக்கூட நீட்டிவிட்டார். எதிரே வந்தது ஸ்கூட்டர்.

"சத்தம் எப்படி?" என்றார் தங்கராசு காதோரம்.

"அசல் பஸ்ஸேதாங்க" என்றாள் மங்கை. மனசாரத்தான் சொன்னாள்.

செஞ்சிக்குத் திரும்பும்போது கூட்டு ரோட்டில் கன்னியப்பன் கடை திறந்திருந்தது. தங்கராசு வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இன்னாடா, ஆரணிக் கல்யாணம் முடிஞ்சிதா?"

கன்னியப்பன் விழித்தான். மங்கையைப் பார்த்தான். "ஆங், நல்லபடியா முடிஞ்சிது மாமா."

"நீ இல்லாட்டி ஊரே நின்னுடும்னு பாத்தியா? ஹாரன அடிச்சிக் காட்டு மங்கை."

ஹாரன் அலறியது. ரோட்டில் போன மினி பஸ் ஒன்று ஒதுங்கி வழி விட்டது. எதிர் டீக்கடையில் இருந்த டிப்போ ஆட்கள் திரும்பிப் பார்த்துக் கையைத் தட்டினார்கள். தங்கராசு காக்கிச் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு அவர்களை நோக்கி நடந்தார். திருவண்ணாமலை வண்டியின் செல்ப் மோட்டாரைப் பற்றி இப்போது சொல்ல ஆள் இருந்தது.

அவர் ரோட்டைத் தாண்டும்வரை காத்திருந்துவிட்டுக் கன்னியப்பன் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, நீங்க கெஞ்சிக் கேட்டீங்கன்னு அன்னைக்கு நான் ஒரே ஒரு ஒயரத்தான் உருவி வுட்டேன், மாமா மறுபடியும் நாக்காலியில குந்திட்டாருன்னா சொல்லுங்க, உங்க வூட்டு பிரிட்ஜ்ல எந்த ஒயருன்னு பாத்து வச்சிருக்கறேன்."