கழிவு மேட்டுக்கு மறுபடியும் ஒரு சொந்தக்காரர்

அடுத்தவர் தூக்கிப் போட்டுவிட்டுப் போனதில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லும் ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தூர்ந்த கிணற்றை எட்டிப் பார்ப்பார், நொடித்த கடையை விலைக்குக் கேட்பார், மூடிய தொழிற்சாலை வாசலைக் கடக்கும்போது மட்டும் அவர் நடை மெதுவாகும். இந்த இனத்தில் நன்றாகப் பழுத்தவர் ஒருவர், நில அளவை வேலையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

ஊருக்கு வெளியே ஒரு பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மேடு இருந்தது. பாறையை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்ச மாவைக் கொட்டிக் கொட்டி வளர்த்த மேடு. ஐம்பது வருஷமாக மேலே தோல் மாதிரி இறுகி, யார் வம்புக்கும் போகாமல் கிடந்தது. அது சும்மா கிடந்ததுதான் அளவையாளருக்குப் பொறுக்கவில்லை.

ஓர் ஓரத்தில் ஒரு வாளி மண் அள்ளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். டன்னுக்கு இரண்டு கிராம் தங்கம் என்று பதில் வந்தது. மேடு எத்தனை டன் என்று அளக்க அவருக்குச் சொல்லியா தர வேண்டும்? பெருக்கிப் பார்த்து, சரிபார்த்து, சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை விரித்தார்.

மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இவ்வளவு இருக்குன்னா, அவங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

"அப்ப அவங்களுக்குத் தெரியாது. இப்ப டெக்னாலஜி வந்துடுச்சு."

இந்த இனத்துக்கு இது மந்திரம். மனைவியின் தம்பி, லாரி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் கொண்டுவந்து பங்குக்கு நின்றார். அக்கா தடுத்துப் பார்த்தாள். தம்பியோ அதற்குள் மாமாவின் காகிதத்தைப் பார்த்துவிட்டிருந்தார்.

குத்தகைப் பத்திரம் பன்னிரண்டு பக்கம். எல்லைகளைச் சொல்லும் பக்கத்தை மட்டும் அளவையாளர் வரி வரியாகப் படித்து, அதில் ஒரு பிழையையும் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார். மற்றப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டார்.

மேட்டை வெட்டினார்கள். மண்ணைக் கரைத்து ரசாயனத்தில் ஊறப்போட்டார்கள். ஒரு வாரம் ஊறியது, மூன்று வாரம் ஊறியது. தங்கம் வரவில்லை. ஆய்வுக்கூடத்து அம்மாள் நேரில் வந்து, இருபது இடத்தில் குழி போட்டு மண் எடுத்துப் போனார். முதல் வாளி ஏதோ நல்ல இடத்தில் விழுந்துவிட்டது, மற்ற இடங்களில் அரை கிராம்கூடத் தேறாது என்றார். அந்த அரை கிராமும் வேறொரு கனிமத்தின் குருணைக்குள் சிக்கியிருக்கிறது, முகப் பவுடர் மாதிரி மறுபடி அரைத்தால்தான் வெளியே வரும் என்றார்.

"தங்கம் இருக்கு சார், இல்லைன்னு சொல்லல. எடுக்கிற செலவுக்குக் கட்டாது."

அளவையாளர் காதில் முன்பாதிதான் விழுந்தது. இன்னும் மூன்று மாதம் வெட்டினார்.

காற்றுக்காலம் வந்தது. தோல் உரிந்த மேடு பறக்க ஆரம்பித்தது. சரிவுக்குக் கீழேயுள்ள தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் மஞ்சளாயிற்று. மழையில் மேட்டடியிலிருந்து துரு நிறத்தில் தண்ணீர் கசிந்தது. அதில் விஷம் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. தெருக்காரர்கள் அவர் வாசலில் வந்து நின்றார்கள். அவர்களில் ஒருத்தியின் இடுப்பில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருந்தது. அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

சுரங்கம் நடத்திய பழைய கம்பெனியைக் கேளுங்கள் என்று, விசாரிக்க வந்த அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். அதிகாரி பத்திரத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். மேட்டை யார் முதலில் வெட்டுகிறாரோ, பறப்பதும் கசிவதும் அன்று முதல் அவருடையது.

மைத்துனரின் லாரி இரண்டு வருஷம் நல்ல மண் அடித்தது. மேட்டைப் போர்த்திப் புல் நட்டார்கள். தினமும் காலையில் அளவையாளர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைத்துனர் நேரில் பேசுவதில்லை. "அந்தாள அந்தப் பக்கம் தண்ணி விடச் சொல்லுக்கா" என்று அக்கா வழியாகத்தான் பேச்சு.

துணிகள் வெள்ளையாகவே காய்ந்த ஒரு நாள், அந்தக் குழந்தையின் தாய் வழியில் அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். வந்ததென்னவோ, மேற்கே ஒரு செப்புச் சுரங்கம் மூடிக் கிடக்கிறதாம் என்பது. மனைவி எழுந்துபோய் வண்டிச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சிரித்தீர்களா? சந்தோஷம். ஆனால் படிக்கும்போது நடுவில் எங்கேயாவது, 'இவருக்கு விவரம் பத்தாது, நானாக இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன்' என்று மனசுக்குள் ஓடியிருந்தால், தயவுசெய்து அந்த மேடு எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள். ஏற்கனவே பதினோரு கடிதம் வந்திருக்கிறது.