கரடி மாசிலாமணி புராசஸர் வாங்கிய கதை

ஒரு காட்டில், கரண்ட் வந்து, பிராட்பேண்டும் வந்து சேர்ந்த பிற்பாடு, மாசிலாமணி என்று ஒரு கரடி வாழ்ந்து வந்தது. பகலில் தேன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் உத்தியோகம். சாயங்காலம் குகைக்கு வந்து கைகால் கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ‘வேட்டைக்கு வேட்டை’ ஆடும். அந்த விளையாட்டில் ஒரு அணி துப்பாக்கி பிடித்த வேட்டைக்காரர்களாக வரும். இன்னொரு அணி மிருகங்களாகவே இருந்து அவர்களை ஓட ஓட விரட்ட வேண்டும். காடே பைத்தியமாகக் கிடந்தது அந்த விளையாட்டுக்கு.

மாசிலாமணியின் கம்ப்யூட்டர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது. ஆன் செய்துவிட்டு ஆற்றுக்குப் போய்க் குளித்து, துவைத்து, காயப்போட்டுவிட்டு வரலாம். விளையாட்டிலோ இன்னும் மோசம். வேட்டைக்காரன் துப்பாக்கியைத் தூக்குவான். திரை அப்படியே உறைந்துவிடும். மறுபடி ஓடத் தொடங்கும்போது மாசிலாமணி மல்லாந்து கிடக்கும். வேட்டைக்காரன் அதன் வயிற்றின் மேல் காலை வைத்துப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பான்.

ஒருநாள் அணித் தலைவரான கீரி கோமதிநாயகம் குகைக்கே வந்துவிட்டது.

“மாசிலாமணி, வர்ற பௌர்ணமிக்குக் கீழ்க்காட்டோட இறுதிப் போட்டி. உங்க பெட்டியை நம்பி நாங்க இறங்க முடியாது. ஒண்ணு அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா உங்க இடத்துல தேவாங்கைப் போட்டுடறோம்.”

“தேவாங்கா?” மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டது. “அது ஒரு கிளையை விட்டு இன்னொரு கிளைக்குப் போறதுக்குள்ள பூ காயாயிடுமே, கேப்டன்!”

“மெதுவாத்தான் வரும். ஆனா வரும்” என்றது கீரி.

அன்றைக்கு மாசிலாமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி செண்பகவல்லி கிழங்கை அவித்து முன்னால் வைத்துவிட்டுக் கேட்டது:

“இப்ப என்னங்க வேணும் அந்தப் பெட்டிக்கு?”

“புராசஸர் மாத்தணும் செண்பகம்.”

“அப்படின்னா?”

“கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி. பழசாயிடுச்சு. யோசிச்சு முடிவெடுக்க ரொம்ப நேரமாவுது.”

செண்பகவல்லி புருஷனை மேலும் கீழும் பார்த்தது. “அதை மட்டும்தான் மாத்தறாங்களா?” என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டது.

மறுநாளிலிருந்து மாசிலாமணி விசாரிக்கத் தொடங்கியது. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, காடு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்று. பாதிப் பேர் ‘இடி’ கம்பெனிப் புராசஸர்தான் என்றார்கள். மீதிப் பேர் ‘மின்னல்’ கம்பெனியைத் தவிர வேறு எதையும் வீட்டுக்குள் விடமாட்டோம் என்றார்கள். ஒரே புற்றில் இருந்த இரண்டு பாம்புகள் இதில் பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டன. இணையத்தில் வீடியோ போடும் மயில் ஒன்று இரண்டையும் ஒப்பிட்டுப் பேசியது. ஆனால் பாதி நேரம் தோகையையே காட்டியது. கடைசியில், “கொஞ்சம் பொறுங்கள் நண்பர்களே, அடுத்த மாதம் புதுசு வருகிறது” என்று முடித்தது. மாசிலாமணி அதன் பழைய வீடியோக்களையும் பார்த்தது. எல்லா மாதமும் அடுத்த மாதம் புதுசு வந்துகொண்டேதான் இருந்தது.

பௌர்ணமி நெருங்கியது. மாசிலாமணி மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தேன் குடங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நரி குற்றாலிங்கத்தின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனது.

“வாங்க மாசிலாமணி, வாங்க! உக்காருங்க. என்ன பாக்கறீங்க?”

“ஒரே ஒரு புராசஸர், அண்ணாச்சி. வேற எதுவும் வேண்டாம்.”

“பேஷா எடுத்துக்கலாம்.” நரி விரல் நகம் அளவுக்கு ஒரு சதுரத்தை எடுத்து வெல்வெட் துணியில் வைத்தது. “ஆனா இது உங்க பழைய மதர்போர்டுல உக்காராது.”

“கொஞ்சம் அழுத்தினா?”

நரி கரடியின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுச் சதுரத்தை அவசரமாக உள்ளே எடுத்து வைத்தது. “வேண்டாம். போர்டையே மாத்திடுவோம். போர்டு மாறினா பழைய மெமரி சேராது, அதையும் மாத்தணும். இவ்வளவு பேருக்கும் தீனி போட உங்க பழைய பவர் சப்ளைக்குத் தெம்பு பத்தாது. அப்புறம் இதையெல்லாம் அந்தப் பழைய கேபினெட்டுக்குள்ள திணிச்சா மூச்சு முட்டும். புதுப் புராசஸரைப் போட்டுட்டுப் பழைய கிராஃபிக்ஸ் கார்டையே வச்சிருந்தா, பந்திக்கு நூறு பேரைக் கூப்பிட்டுட்டு ஒரே ஒரு கரண்டி வச்சிருக்கிற மாதிரி.”

“அப்ப என்கிட்ட இருக்கிறதுல எதுதான் மிஞ்சும்?”

“மவுஸ்” என்றது நரி. சற்று யோசித்துவிட்டு, “அதையும் ஒரு தடவை கொண்டாங்க, பாக்கலாம்” என்றது.

மாசிலாமணிக்குத் தலை சுற்றியது. “அண்ணாச்சி, எனக்கு ஆகாததை என் தலையில கட்டிடாதீங்க.”

“சேச்சே! ஆகாத பொருளை நான் விக்கவே மாட்டேன். ஆகிற பொருளை மட்டும்தான் விப்பேன். அது இந்தக் கடை முழுக்க இருக்கு.”

எல்லாக் குடங்களும் கடைக்குள் போயின. முழுசாக ஒரு புதுக் கம்ப்யூட்டர் தள்ளுவண்டியில் ஏறியது. செண்பகவல்லியின் முகம் கண்ணுக்குள் வந்து போனதில் கரடி வண்டியை நகர்த்தாமலே நின்றது. நரிக்கே இரக்கம் வந்துவிட்டது.

“பழைய புராசஸரைக் கழட்டிக் கொண்டாங்க. எக்ஸ்சேஞ்சுல ஒரு குடம் திருப்பித் தர்றேன்.”

வீட்டில் செண்பகவல்லி தள்ளுவண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. புதுக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்தது. பிறகு ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தது. “அந்த ஒரு குடத்தையாவது மீட்டுடுவோம். நீங்க டார்ச்சைப் பிடிங்க.”

பழைய கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடி திறந்தது. உள்ளே புராசஸரைக் காணவில்லை. மின்விசிறியையும் காணவில்லை. அந்த இடத்தில் கரடி முடியால் நெய்த ஒரு மெத்தை இருந்தது. மெத்தை மேல் ஒரு மூஞ்சூறு, புருஷன் பிள்ளைகளோடு படுத்திருந்தது.

“லைட்டை அணைங்க, பிள்ளைங்க தூங்குது!” என்றது மூஞ்சூறு.

“நீங்க எப்பம்மா இங்க வந்தீங்க?” என்று கேட்டது மாசிலாமணி.

“மூணு பிரசவம் இங்கதான் அண்ணாச்சி. என்ன ஒரு கதகதப்பு! முதல்ல ஒரு விசிறி சுத்திச் சுத்திக் குளிரடிச்சுது. நார் வச்சு இறுக்கிக் கட்டிட்டோம். அப்புறம் தொந்தரவே இல்லை.”

செண்பகவல்லி மூஞ்சூறுக் குடும்பத்தை மெத்தையோடு தூக்கிப் புதுக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் வைத்தது. மூஞ்சூறு கையை வைத்துத் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தது. “இது சூடாகவே இல்லையே. இதையா இவ்வளவு தேன் குடுத்து வாங்கினீங்க?” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அடுப்பு மேடைக்குக் குடிபோய்விட்டது.

செண்பகவல்லி நாரை அறுத்து, உள்ளே ஊதித் துடைத்துவிட்டுப் பழைய கம்ப்யூட்டரை ஆன் செய்தது. கண் சிமிட்டுவதற்குள் அது தயாராகி நின்றது.

இரண்டு பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு தள்ளுவண்டியைப் பார்த்தார்கள். செண்பகவல்லிக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் தரையில் உருண்டு உருண்டு சிரித்தது. “மூளை பழசாயிடுச்சாம்! யோசிக்க நேரமாவுதாம்! அதுக்கு மேல மூணு பிரசவம் நடந்திருக்குங்க!”

“சத்தமாச் சொல்லாதே செண்பகம், குகை வெளியே நாலு பேர் போவாங்க” என்று கெஞ்சியது மாசிலாமணி.

“இந்தப் பெட்டியை நரிகிட்ட குடுக்க மாட்டேன். இது இனிமே எனக்கு” என்றது செண்பகவல்லி. பெட்டி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் விளையாட்டைத் திறந்தது. கிழங்கு வேகும் நேரத்தில் ஒரு வேட்டைக்காரக் கூட்டத்தையே ஆற்றில் தள்ளிவிட்டது.

மாசிலாமணி புதுக் கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்த்தது. அடடா, என்ன தெளிவு! வேட்டைக்காரனின் மீசை முடி தெரிந்தது. துப்பாக்கியிலிருந்து குண்டு கிளம்புவது தெரிந்தது. அது வழவழவென்று காற்றில் மிதந்து வந்து தன் நெற்றியில் படுவது வரைக்கும் ஒரு தடங்கலும் இல்லாமல் தெரிந்தது. இன்னொரு ஆட்டத்திலும் அப்படியே. “மானிட்டர் சரியில்லையோ?” என்று முனகியது. செண்பகவல்லி ஒரு பார்வை பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டது.

பௌர்ணமி வந்தது. மேல்காடும் கீழ்க்காடும் கூடிப் பெரிய திரை கட்டி, பனங்கிழங்கும் சுண்டலும் விற்று, ஒரே அமர்க்களம். மாசிலாமணி குகையில் குளித்துத் திருநீறு பூசி, போனில் செருகிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, புதுக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தியது. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கீழே எழுத்துகள் வந்தன: ‘அப்டேட் நடைபெறுகிறது. அணைக்க வேண்டாம்.’

“கேப்டன் பேசறேன்! எல்லாரும் தயாரா?” என்று காதில் கீரி கத்தியது.

மாசிலாமணியின் மூக்கு வியர்த்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழ்க்காட்டு வேட்டைக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். தேவாங்கு மைதானத்தில் மெதுவாக எழுந்து நிற்பது போல மனதில் ஒரு காட்சி வந்தது. “செண்பகம்!” என்று அலறியது.

செண்பகவல்லி அதற்குள் பழைய பெட்டியின் முன் உட்கார்ந்து, புருஷன் பெயரிலேயே உள்ளே நுழைந்துவிட்டது. மாசிலாமணி ஹெட்செட்டோடு பின்னால் நின்றது.

“வலது பக்கம், வலது பக்கம்!” என்றது கீரி.

“வலது பக்கம்” என்றது மாசிலாமணி.

“தெரியுது, சும்மா இருங்க” என்றது செண்பகவல்லி.

“யாரைச் சும்மா இருக்கச் சொல்றீங்க?” கீரிக்குக் கோபம் வந்தது.

“என் மனசைச் சொன்னேன், கேப்டன்! படபடன்னு அடிச்சுக்குது!”

அதன்பிறகு நடந்ததைக் காடு இன்றைக்கும் பேசுகிறது. செண்பகவல்லி ஒருத்தனை மரத்தில் ஏற்றியது. இன்னொருத்தனைத் தேன்கூட்டுக்குள் தலைகீழாகச் சொருகியது. கடைசி வேட்டைக்காரன் தானாகவே துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டான். மைதானம் கூத்தாடியது. அணி முழுவதும் குகைக்கு ஓடிவந்து மாசிலாமணியைத் தோளில் தூக்கியது; தூக்க முடியாமல் போட்டுவிட்டு, அதைச் சுற்றி ஆடியது. கீரி கோமதிநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது: “புதுப் புராசஸர்னா புதுப் புராசஸர்தான்யா!”

புதுக் கம்ப்யூட்டரில் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி அதன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியது.

மறுநாள் நரியின் கடை வாசலில் காடே வரிசையில் நின்றது. தோற்றுப்போன கீழ்க்காட்டு அணிதான் முதலில் நின்றது. மாசிலாமணிக்கு மனசு கேட்கவில்லை. பின்வாசல் வழியாகப் போய் நரியின் காதில் உண்மையைச் சொல்லிவிட்டது.

நரி வாசலில் நின்ற வரிசையை எட்டிப் பார்த்தது. “சரிதான். ஆனா இதை வெளியே சொல்லிடாதீங்க, மாசிலாமணி. கல்யாணம் ஆகாதவங்க பாவம், என்ன பண்ணுவாங்க?” என்று சொல்லி, அதற்குக் கூலியாகக் குடங்கள் எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் திருப்பி ஏற்றிவிட்டது.

அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் செண்பகவல்லி ‘மாசிலாமணி’யாக ஆடும். மாசிலாமணி கிழங்கு அவிக்கும். தெருவில் போனால் குட்டிகள் ஓடிவந்து அதனிடம் கையெழுத்துக் கேட்கின்றன. அதுவும் கூச்சப்படாமல் போட்டுக் கொடுக்கிறது.

நீதி: கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் புராசஸரை மாற்றுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் முன்னால் உட்கார்ந்திருப்பவரை மாற்றுங்கள். பெருமை மட்டும் புராசஸருக்கே போகட்டும், அதற்குத்தான் உத்தரவாத அட்டை உண்டு.